கொதி: தமிழா, மலையாளமா?

கேள்வி, ஜூன் 14

மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறையைப் பற்றிய கட்டுரையில் 'பாட்டா வீட்டில் சக்கை வெட்டும்போது எனக்குக் கொதி அடக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தாள். (பாட்டா என்றால் தாத்தா, சக்கை என்றால் பலாப்பழம்.) 'கொதி' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே 'ஆவல்' என்று திருத்தி, 'மலையாளச் சொற்களைத் தவிர்க்கவும்' என்று குறிப்பும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எங்களுக்குக் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். பிறந்ததிலிருந்து சொல்லி வளர்ந்த சொல் இது. சென்னையில் இருக்கும் என் தம்பியோ, 'கொதின்னா தண்ணி கொதிக்கிறதுதானே' என்கிறான். இது தமிழா, மலையாளமா? எழுத்தில் எழுதலாமா, கூடாதா?

ஜூன் 14, இரவு

எழுதலாம். தாராளமாக எழுதலாம்.

விளவங்கோடு வட்டத்தில் பிறந்து, அங்கேயே தமிழ் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தச் சுழிப்பை எத்தனையோ நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வருத்தம்தான். பிள்ளை சரியான சொல்லை எழுதியிருக்கிறாள். திருத்திப் போட்ட 'ஆவல்'தான் அந்த இடத்தில் உட்காரவில்லை.

தேர்வு முடிவுக்குக் காத்திருப்பது ஆவல். வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பாவுக்காக வாசலைப் பார்த்து நிற்பதும் ஆவல். சக்கை வெட்டும் இடத்தில் நடப்பது வேறு. பாட்டா அரிவாளில் தேங்காய் எண்ணெய் தடவுவார். முள்ளுத் தோலில் கத்தி இறங்கிய உடனே வெள்ளைப் பால் கசியும். இரண்டாகப் பிளந்ததும் வாசனை முற்றம் முழுக்கப் பரவும். அதற்குள் பிள்ளைகள் சுற்றி வந்து குத்தவைத்து உட்கார்ந்திருக்கும். சுளை கெட்டியான வருக்கையா, குழைவான கூழனா என்று யாரோ கேட்பார்கள். பால் ஒட்டாமலிருக்கக் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு முதல் சுளையை உருவும்வரை ஒரு பிள்ளையும் பேசாது. வாயில் மட்டும் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த நிலைக்கு எங்கள் ஊரில் உள்ள பெயர் கொதி. அதை 'ஆவல்' என்று மாற்றினால் வாயும் போச்சு, எச்சிலும் போச்சு.

அந்த வாக்கியத்தில் ஒரு திருத்தம் தேவைதான், ஆனால் அது வேறு திருத்தம். 'கொதி அடக்க' என்பது 'கொதியை அடக்க' என்று இருக்க வேண்டும். சிவப்பு மை அங்கே விழுந்திருக்கலாம்.

ஜூன் 15

தமிழா மலையாளமா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும்தான்.

கொதித்தல் பழைய தமிழ் வினை. தண்ணீர் கொதிக்கும், எண்ணெய் கொதிக்கும், உலை கொதிக்கும். கோபத்தில் மனம் கொதிக்கும், அநியாயத்தைப் பார்த்தால் ஊர் கொதிக்கும், வயிற்றெரிச்சலில் வயிறும் கொதிக்கும். மலையாளத்தில் இதே வினை ஆசை என்ற பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டது. அங்கே அடுப்பில் தண்ணீர் கொதிக்காது, 'திளைக்கும்'. 'வெள்ளம் திளச்சோ' என்றால் தண்ணீர் கொதித்ததா என்று பொருள். தமிழில் திளைத்தல் என்றால் என்ன? இன்பத்தில் மூழ்கிக் கிடத்தல். ஒரு பக்கம் கொதித்தல் அடுப்பில், திளைத்தல் மனத்தில். இன்னொரு பக்கம் திளைத்தல் அடுப்பில், கொதித்தல் மனத்தில். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் இரண்டு சொல்லும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரிக்கும். அதற்குப் பிறகு இரண்டு சொல்லையும் மறக்கவே மறக்காது.

எங்கள் மாவட்டத்தில் இரண்டு பொருளும் ஒரே வீட்டுக்குள் புழங்குகிறது. 'வெள்ளம் கொதிச்சாச்சா' என்று அம்மா கேட்பாள். அதே அடுக்களையில் 'பிள்ளைக்குக் கொதியாட்டு இருக்கு, ஒரு துண்டு குடு' என்று அம்மச்சி, அதாவது பாட்டி, சொல்லுவாள். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ஜூன் 15, மாலை

ஒருவர் எழுதியிருக்கிறார்: 'சூடு என்ற பொருளிலிருந்து ஆசைக்கு எப்படிப் போக முடியும்? அது மலையாளத்தாரின் கற்பனை.'

கற்பனை இல்லை. தமிழ் நாட்டார் எல்லாரும் நாள்தோறும் சொல்லும் 'தாகம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் தாஹம் என்றால் எரிதல். நம்மிடம் அது நீர் வேட்கை ஆயிற்று, பிறகு விடுதலைத் தாகம், அறிவுத் தாகம் என்று போயிற்று. தாபம் என்பதும் வெப்பம்தான். விரகதாபம் என்று எழுதும்போது யாரும் சிவப்பு மை தொடுவதில்லை. உள்ளே சூடாவதும் ஒன்றின்மேல் மனம் வைப்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை என்று மொழி எப்போதோ கண்டுகொண்டது. வடமொழிச் சூடு ஆசையாகலாம், சொந்தத் தமிழ்ச் சூடு ஆகக் கூடாதா?

ஜூன் 17

இலக்கணமாக ஒன்று. ஆசை நாம் படுவது: 'நான் ஆசைப்படுகிறேன்'. கொதி அப்படி இல்லை, 'எனக்குக் கொதி வருது', 'எனக்குக் கொதியா இருக்கு' என்றுதான் வரும். பசி வருவதுபோல, தூக்கம் வருவதுபோல. கொதித்தவர்மேல் அதில் குற்றம் இல்லை. பசித்தவனிடம் ஏன் பசித்தாய் என்று யார் கேட்பார்கள்?

சேர்ந்து வரும் வினைகளையும் பாருங்கள். ஆசையை விடச் சொல்கிறார்கள். அவாவை அறுக்கச் சொல்கிறார்கள், குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பசியை ஆற்றுகிறோம். கொதியைத் தீர்க்கிறோம். 'ஒரு வாய் குடு, அவனுக்கக் கொதி தீரட்டும்.' கொதியை விடு, கொதியை அறு என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

'கொதி விடாதே' என்று உண்டு, ஆனால் அது வேறு சங்கதி. அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

ஜூன் 18

கொதி விடுதல். வெளியூர்க்காரர்கள் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள், எனவே கொஞ்சம் விரிவாக.

ஒரு பிள்ளை தின்பதை இன்னொருவர் கொதியோடு பார்த்துவிட்டால் அந்தச் சாப்பாடு பிள்ளைக்குச் சேராது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வயிறு வலிக்கும், சோறு இறங்காது. 'கொதி பட்டிருக்கு' என்பார்கள். அதற்கு ஓதிக் கொடுக்க ஒவ்வொரு ஊரிலும் ஓர் அம்மை இருப்பார். எங்கள் தெருவில் இருந்தவர் என் அம்மச்சிக்கு அண்ணி முறை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் போனால், 'யாரு வீட்டுல என்ன தின்னே மக்களே' என்றுதான் முதலில் கேட்பார். பதிலைக் கேட்டுத் தலையாட்டுவார். ஒரு பிடி கல் உப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கையை வாயருகே கொண்டுபோய், உதடு மட்டும் அசைய ஏதோ சொல்வார். நடுநடுவே நீளமாகக் கொட்டாவி விடுவார். கொட்டாவி வந்தால் பட்ட கொதி பெரிது என்று கணக்கு. கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். கடைசியில் உப்பின்மேல் மூன்று முறை ஊதி, இரண்டு கல்லை எங்கள் நாக்கில் வைப்பார். மீதியைக் காகிதத்தில் மடித்துத் தருவார், வீட்டில் கஞ்சியில் போட்டுக் குடிக்க. காசு வாங்க மாட்டார்.

இதில் நான் சொல்ல நினைப்பது வைத்தியத்தைப் பற்றி இல்லை. கண்ணேறுக்கும் கொதிக்கும் உள்ள வித்தியாசம். கண்ணேறு வீட்டுக்குப் படும், கறவை மாட்டுக்குப் படும், காய்த்த மாமரத்துக்குப் படும், அலங்கரித்த குழந்தைக்குப் படும். அதில் பொறாமை உண்டு, ஆகவே பார்த்தவர்மேல் ஒரு சந்தேகமும் உண்டு. கொதி சாப்பாட்டுக்கு மட்டும்தான். அதில் பொறாமை கிடையாது. கொதி விட்டவர் நல்லவராகவே இருப்பார், பெரும்பாலும் பசித்தவராக இருப்பார், சில நேரம் சொந்தத் தாயாகக்கூட இருப்பார். 'பெத்த தாய்க்கக் கொதியும் படும்' என்று எங்கள் அம்மச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். தாய்க்குத் தன் பிள்ளைமேல் பொறாமை இருக்குமா? பசி இருக்கலாம்.

ஜூன் 18, பின்னிரவு

மேலே எழுதியதை முடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

கொதி படும் என்ற பயம் ஊரில் ஒரு பழக்கத்தை வளர்த்திருந்தது. நல்லதாக எதைச் சமைத்தாலும் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். சாளை பொரிக்கும் வாசனை மதிலைத் தாண்டிப் போனால், பின்னாலேயே இரண்டு மீனும் போகும். பிள்ளை தின்றுகொண்டிருக்கையில் யாராவது வந்தால், கையில் இருப்பதைக் கொஞ்சம் பிய்த்துக் கொடுத்த பிறகே மீதியைத் தின்னச் சொல்வார்கள். தெருவில் நின்று பிள்ளை பலகாரம் தின்னக் கூடாது, உள்ளே போய்த் தின்ன வேண்டும். ஏன் என்று கேட்டால் 'இல்லாத பிள்ளைகள் காணும்' என்பார்கள். காணும் என்றால் பார்க்கும். இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கொதி வந்தால் அதைத் தீர்க்க வேண்டிய கடமை இருக்கிற வீட்டுக்கு. பார்த்தவனை விரட்டாமல் தின்கிறவனுக்குக் கட்டுப்பாடு வைத்த வழக்கம் இது. அந்த வழக்கத்துக்கு என்னிடம் பெரிய மதிப்பு உண்டு. 'கொதி' என்ற சொல்லைத் துடைத்துவிட்டால் இந்த நியாயத்தையும் சேர்த்துத் துடைக்கிறோம்.

ஜூன் 20

பாலக்காட்டிலிருந்து ஒரு அன்பர்: அவர்கள் வீட்டுத் தமிழில் 'இஷ்டம்'தான் எல்லாவற்றுக்கும். 'எனக்கு மாம்பழப் புளிசேரி ரொம்ப இஷ்டமாக்கும்.' அடங்காத ஆசையை அந்தப் பக்கத்து மலையாளிகள் 'பூதி' என்பதையும் கேட்டிருக்கிறாராம். பூதி எங்கள் பக்கம் இல்லை. அவருக்கு நன்றி.

இஷ்டம் எங்களிடமும் உண்டு. ஆனால் இஷ்டம் நிரந்தரம், கொதி அந்த நேரத்தது. மட்டிப்பழம் எனக்கு எப்போதும் இஷ்டம். மழை பெய்கிற ஒரு சாயங்காலம் திடீரென்று மட்டிப்பழம் தின்னத் தோன்றினால் அது கொதி. மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருக்கும். விரல் நீளப் பழம், தோல் மெல்லிசு, பச்சைக் குழந்தைக்கு முதல் உணவாக மசித்துக் கொடுப்பது. வெளிநாட்டுக்குப் போன எங்கள் ஊர்ப் பையன்கள் லீவில் வந்து இறங்கியதும் முதலில் கேட்பது இதைத்தான்.

ஜூன் 20, மாலை

ஆந்திரத்துச் சித்தூர் பக்கத்திலிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் எழுதியதும் சுவாரசியம். அங்கே வீட்டுத் தமிழில் தெலுங்கு கலந்து 'அவனுக்கு மாங்காய்னா பிராணம்' என்பார்களாம். சினிமாவுக்கு 'பிச்சி'. தமிழில் உயிர், பைத்தியம் என்று சொல்கிற அதே வழி. வாயில் எச்சில் ஊறுவதைத் தெலுங்கில் 'நோரு ஊறுதுந்தி' என்பார்கள் என்றும் சொல்கிறார். ஊறுதல் அங்கேயும் ஊறுதல்தான். ஆனால் கொதிக்கு நேராக ஒரே சொல் கிடைக்கவில்லை என்கிறார்.

ஜூன் 23

இரண்டு நாளாக ஒரு நண்பர் விடாமல் கேட்கிறார்: 'கொதி என்பது பேராசைதானே? நாகரிகமான சொல் இல்லையே?'

இல்லை. பேராசைக்கு எங்களிடம் வேறு சொற்கள் உண்டு. ஆர்த்தி என்று ஒன்று, ஆக்கிராந்தம் என்று ஒன்று. இரண்டும் தின்கிற விதத்தைக் குறிப்பவை. 'என்ன ஆர்த்தி பிடிச்சித் திங்கான்' என்றால், மற்றவர்களுக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் வாரிப் போட்டுக்கொள்கிறான் என்று அர்த்தம். கொதி தின்பதற்கு முன்னால் உள்ளது. முதல் வாய் உள்ளே போனதும் பாதி தீர்ந்துவிடும்.

அதனால்தான் கொதிக்கு ஓர் அளவும் உண்டு. 'கொதிக்கு இத்திரி' என்பார்கள், இத்திரி என்றால் கொஞ்சம். பசிக்கு ஒரு தட்டு, கொதிக்கு ஒரு துண்டு. சர்க்கரை நோய்க்காரர் கல்யாண வீட்டில் பாயசம் வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்தால், பரிமாறுகிறவர் 'கொதிக்கு ஒரு கரண்டி' என்று விடுவார். அதை யாரும் அநாகரிகமாக நினைப்பதில்லை.

அதே சமயம், அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அக்கரை மலையாளத்தில் 'அதிகாரக் கொதி', 'பணக்கொதி' என்று எழுதுவார்கள், அது வசைதான். எங்கள் பேச்சிலும் 'கொதியன்' என்றால் செல்லமாகவும் இருக்கும், திட்டாகவும் இருக்கும், சொல்கிற ஆளைப் பொறுத்தது. பேரனைப் பார்த்து அம்மச்சி சொன்னால் கொஞ்சல். பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னால் எழுந்து போக வேண்டியதுதான். சாப்பாட்டைத் தாண்டிப் பணம், பதவி என்று போகும்போது அந்தச் சொல் கசக்கிறது. தின்னக்கூடிய ஒன்றின்மேல் கொதித்தால் ஒரு வாயில் தீரும். பதவிக் கொதியை எந்த வாயில் தீர்ப்பது?

ஜூன் 24

ஆனால் ஆளைப் பார்க்கவும் கொதி வரும், அதில் கசப்பு இல்லை. இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். 'உன்னக் காணக் கொதியாட்டு இருக்கு மக்களே' என்று வளைகுடாவில் இருக்கும் மகனிடம் போனில் சொல்லாத அம்மா எங்கள் பக்கம் இருக்க மாட்டாள். 'உன்னைக் காண ஆவலாக உள்ளேன்' என்று கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். மார்க் கிடைக்கும். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர மாட்டான்.

ஜூன் 27

என் மாமியார் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றி எழுத வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லுக்குச் சம்பந்தம் இருப்பதால் எழுதுகிறேன்.

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து நாக்கு செத்துப்போய்க் கிடந்தார். கஞ்சித் தண்ணீரும் பிரெட்டும்தான். வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு மகன்கள், மருமகள்கள் என்று ஆள் நிறைய. ஒவ்வொருவரும் வந்து 'என்ன வேணும், என்ன சாப்பிடுறீங்க' என்று கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று கை காட்டுவார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஒரு வயதான அம்மை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் மாமியாரின் தலைமாட்டில் வந்து குனிந்து மலையாளத்தில் கேட்டார்: 'எந்தினா கொதி?'

மாமியார் கண்ணைத் திறந்தார். உடனே பதில் வந்தது: 'மரச்சீனியும் சாளைப் புளிமுளமும்.' மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் என்று அர்த்தம்.

வேண்டுமா என்று கேட்டபோது வராத பதில், கொதி எதன்மேல் என்று கேட்டபோது வந்தது. வேண்டும் என்பதில் வயிற்றையும் வைத்தியரையும் நினைக்க வேண்டியிருக்கிறது. கொதியில் நாக்கு மட்டும்தான். டாக்டரிடம் கேட்டோம். மரச்சீனி கூடாது, மிளகாய் கூடாது, மீன் குழம்பின் தெளிவு இரண்டு ஸ்பூன் தொட்டுக் கொடுக்கலாம் என்றார். கணவரின் தங்கை ஊரிலிருந்து காலை பஸ்ஸில் புளிமுளம் கொண்டுவந்தாள். நல்லமிளகும் புளியும் போட்டு, மிளகாய் இல்லாமல், சின்னச் சட்டியிலேயே துணி கட்டி. சட்டியைத் திறந்ததும் வார்டில் நாலு கட்டில் தள்ளி இருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள். கஞ்சியில் அந்தத் தெளிவைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உதட்டை நக்கினார். அரைக் கிண்ணம் கஞ்சி உள்ளே போயிற்று. மீனை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். அந்த வார்டில் கொதி விட்டவர்களில் மீன் சாப்பிடலாம் என்றிருந்த அத்தனை பேருக்கும் ஒரு துண்டு போயிற்று.

அதற்குப் பிறகு நோயாளியைப் பார்க்கப் போனால் நான் கேட்பது அந்த நெய்யாற்றின்கரை அம்மையின் கேள்வியைத்தான்.

ஜூன் 30

மரச்சீனி என்றதும் மூன்று பேர் அதைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் மரவள்ளி, குச்சிக்கிழங்கு. கேரளத்தில் கப்பை, தெற்கே மரச்சீனி. திருவிதாங்கூரில் இதை ஊக்கி வளர்த்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அரிசி போதாத நாட்டில் சனங்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று செய்தது.

அது பெரிதாகக் கைகொடுத்தது இரண்டாம் உலகப் போரின்போது. திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசி நின்றது. அந்த வருஷங்களை மரச்சீனி தின்று கடந்தோம் என்று அம்மச்சி சொல்வார். காலையில் வேகவைத்தது, மத்தியானம் அதையே மசித்தது, ராத்திரி காயவைத்த வாட்டு மரச்சீனி. பசி தீர்ந்தது, ஆனால் சோற்றின்மேல் கொதி தீரவில்லையாம். யார் வீட்டிலாவது அரிசி வேகும் மணம் வந்தால் பிள்ளைகள் அந்த வாசலில் போய் நிற்பார்களாம், எங்கள் அம்மச்சியும் நின்றிருக்கிறார். இப்போது அவருடைய கொள்ளுப்பேரன்கள் தினம் சோறு தின்று அலுத்து, ஞாயிற்றுக்கிழமை மரச்சீனியும் மீன்கறியும் தின்ன ஓட்டலுக்குப் போகிறார்கள். கொதி எதன்மேல் வரும் என்பதை வைத்து ஒரு வீட்டின் நூறு வருஷ வரலாற்றைச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

ஜூலை 2

ஒருவர் கோபமாக: 'இப்படி எல்லா மலையாளச் சொல்லையும் உள்ளே விட்டால் குமரி மாவட்டத் தமிழ் என்ன ஆகும்? எல்லைக்காகப் போராடியவர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?'

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கேட்டவர் தமிழ்மேல் உள்ள அக்கறையில் கேட்கிறார்.

தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்காக, அதற்கு முன்னால் நேசமணி தலைமையில் நடந்த போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடும் எங்கள் வீடுகளில் இன்றும் பேசப்படுகிற விஷயங்கள். அந்தத் தலைமுறை ஆட்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொன்னார்கள். பலாவைச் சக்கை என்றார்கள். பேரப்பிள்ளைக்குக் கொதி பட்டால் உப்பு ஓதி வாங்கினார்கள். தமிழர்களாக நின்றவர்கள் பேசிய தமிழ் இதுதான். அவர்கள் வாயிலிருந்த சொல்லைத் தமிழ் இல்லை என்று நாம் இன்று சுழித்தால், துரோகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவரே யோசிக்கட்டும்.

எல்லாச் சொல்லும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. மதுரைப் பையனுக்கு எழுதும் பாடப்புத்தகத்தில் 'வெள்ளம் குடி' என்று போட்டால் அவன் மிரளுவான். அங்கே தண்ணீர் என்றே எழுத வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. தண்ணீர் என்ற சொல் வெள்ளத்தின் வேலையை முழுதாகச் செய்கிறது. கொதியின் வேலையைச் செய்ய அங்கே ஆள் இல்லை. வேலை செய்ய ஆள் இல்லாத இடத்துக்கு எங்கள் ஊர்ச் சொல்லை அனுப்பலாமே.

ஜூலை 3

கேள்வி கேட்ட தாய்க்கு: பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட வேண்டாம். அந்த ஆசிரியர் வேறு மாவட்டத்துக்காரராக இருக்கலாம், பொது வழக்கைக் கற்றுக்கொடுப்பது அவருடைய பொறுப்பு. பெற்றோர் கூட்டத்தில் பார்க்கும்போது, எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு இப்படிப் பொருள் உண்டு என்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்வார். மகளிடம், தேர்வில் எழுதினால் மேற்கோள் குறிக்குள் 'கொதி' என்று எழுதச் சொல்லுங்கள், அடுத்த வாக்கியத்தில் அது என்ன என்று காட்டட்டும். வட்டார வழக்கில் எழுதும் எழுத்தாளர்கள் செய்வதும் அதுதான். மார்க் குறைந்தாலும் கட்டுரை நன்றாக இருக்கும்.

ஜூலை 5

கர்ப்பிணிகளைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு: ஆமாம், அதற்கும் இதே சொல்தான். மசக்கையில் புளிமாங்காய் கேட்டால் 'அவ கொதிச்சதைக் குடுக்கணும்' என்பார்கள். கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று பயமுறுத்துவார்கள். தமிழ்நாடு முழுக்க உள்ள நம்பிக்கைதான், மற்ற இடங்களில் 'ஆசைப்பட்டது' என்பார்கள். காதில் சீழ் வருவதற்கும் மாங்காய்க்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும், தானாக எடுத்துத் தின்று பழகாத மருமகள் வாய் திறந்து எதையாவது கேட்க அந்த நம்பிக்கை ஓர் இடம் கொடுத்தது. மண், சாம்பல், பச்சரிசி என்று தோன்றினால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இரும்புச்சத்து குறைந்தாலும் அப்படி வரும்.

பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் உப்பு ஓதலாமா என்று கேட்டவருக்கும் அதேதான். வலி விடாமல் இருந்தால், வாந்தியோ காய்ச்சலோ சேர்ந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஓதுகிற அம்மைகளும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் தெரு அம்மையே பல பிள்ளைகளை 'இது கொதி இல்ல, டாக்டர்ட்டக் கொண்டு போ' என்று திருப்பி அனுப்பியதை நான் கண்டிருக்கிறேன்.

ஜூலை 8

கடலோரத்து ஆட்கள் இதுவரை யாரும் எழுதவில்லை. குளச்சல், கடியப்பட்டணம், தூத்தூர் பக்கம் மீன்மேல் வரும் கொதிக்குத் தனிச்சொல் ஏதாவது உண்டா? தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்தில் இந்தச் சொல் எந்த ஊரோடு நின்று 'ஆசை' தொடங்குகிறது? நாகர்கோவில் சந்தையில் இரண்டும் கேட்டிருக்கிறேன். செங்கோட்டைக்காரர்களும் சொல்லுங்கள், அதுவும் பழைய திருவிதாங்கூர்தானே. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு, சொன்ன வாக்கியத்தை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள்.